எண்ணுவதற்கு முன்பே எண்ணுதல்: தேர்தல் கணிப்பு மாதிரிகளும் மும்பை தென்மத்தியத் தொகுதியும்

தேர்தல் முடிவை எண்களைக் கொண்டு முன்கூட்டிக் கணிக்க முயல்வோருக்கு இந்தியாவில் வாய்த்துள்ள மிக எளிய களம் குடியரசுத் தலைவர் தேர்தலாகும். அதில் பொதுமக்கள் வாக்களிப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்காளர்கள் என்பதால், வாக்காளர் பட்டியல் முழுவதும் பெயர், கட்சி சகிதம் கணிப்பவர் கையில் இருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு என்ன மதிப்பு என்பதையும் அரசியல் சாசனமே வகுத்திருக்கிறது: 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்துக்கு இருந்த மக்கள்தொகையை உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைப்பதை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் 5 கோடியே 4 லட்சம் பேரை 288 உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தால் 175 வருகிறது. தமிழ்நாட்டின் 4 கோடியே 12 லட்சம் பேரை 234ஆல் வகுத்தால் 176. மும்பையின் தாராவியில் வாழும் தமிழர்களில் பெரும்பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊரின் சட்டமன்ற உறுப்பினரும் குடியேறிய ஊரின் சட்டமன்ற உறுப்பினரும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வலிமையில் ஒரே ஒரு புள்ளிதான் வேறுபடுகின்றனர்.

இப்படிப்பட்ட தேர்தலில் கணிப்பு என்பது கூட்டல் கணக்காகவே முடிந்துவிடும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தும் இருக்கிறது. 2022இல் மொத்த வாக்கு மதிப்பு 10,86,431. திரௌபதி முர்மு 6,76,803 மதிப்புள்ள வாக்குகளையும் யஷ்வந்த் சின்கா 3,80,177 மதிப்புள்ள வாக்குகளையும் பெற்றனர். யார் வெல்வார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் கட்சிகளின் பலத்தைக் கூட்டிப் போட்ட கணக்கைவிட முர்முவுக்கு அதிகமாகவே கிடைத்தது. காரணம், இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது, வாக்கு ரகசியமானது, கட்சி மாறி வாக்களித்தவரைக் கட்சித்தாவல் தடைச் சட்டம் தொடவும் முடியாது. அந்தச் சிறு இடைவெளி எவ்வளவு பெரிதாக விரியக்கூடும் என்பதை 1969 காட்டியது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆனால் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று இந்திரா காந்தி சொன்ன பிறகு, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி முதல் விருப்ப வாக்குகளில் 4,01,515 பெற்று முந்தினார், ரெட்டிக்கு 3,13,548தான் விழுந்தது, மூன்றாமவரான சி.டி.தேஷ்முக் முதலானோருக்கு விழுந்தவற்றின் இரண்டாம் விருப்பங்களைப் பிரித்த பிறகே 4,20,077க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி வென்றார். வாக்காளர் பட்டியல் முழுவதும் தெரிந்திருந்தும், ஒவ்வொருவரின் கட்சியும் தெரிந்திருந்தும், கட்சிப் பலத்தை மட்டும் கூட்டியவர்களின் கணக்கு அந்த ஆண்டில் தவறிப்போனது.

ஆகவே எந்தத் தேர்தல் கணிப்பிலும் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. யார் எப்படி வாக்களிப்பார்கள் என்பது முதலாவது. விழுந்த வாக்குகள் எப்படிப் பதவியாக மாறுகின்றன என்பது இரண்டாவது. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டுமே ஏறக்குறையத் தெரிந்தவை. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்படுவதால் இரண்டாவது கேள்வி எளிது, முதலாவது கடினம். அமெரிக்காவில் மாநிலவாரித் தேர்வாளர் குழு குறுக்கே நிற்பதால் இரண்டாவதும் சற்றுச் சிக்கலாகிறது. இந்திய மக்களவைத் தேர்தலில் இரண்டுமே கடினம். அதிலும் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினம் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

கலைச்சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே செல்வது நல்லது. தமிழில் ‘மாதிரி’ என்ற ஒரே சொல், மொத்த மக்களுக்குப் பதிலாக விசாரிக்கப்படும் சிறு குழுவையும் குறிக்கிறது, முடிவைக் கணிக்க அமைக்கப்படும் கணித அமைப்பையும் குறிக்கிறது. இந்த இரட்டைப் பொருளால் செய்தித்தாள்களில் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. இக்கட்டுரையில் முன்னது ‘கூறு’ என்றும் பின்னது மட்டும் ‘மாதிரி’ என்றும் வழங்கப்படும்.

கூறு பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை 1936இல் அமெரிக்காவில் உடைந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஒரு கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் அறுபது சதவீதத்துக்கும் மேல் பெற்று வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் முகவரிகளிலிருந்து எடுக்கப்பட்ட கூறு, வசதியுள்ளோர் பக்கம் சாய்ந்திருந்தது. அட்டையைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்களும் ஒருபக்கமாகவே இருந்தார்கள். மிகச் சிறிய கூறைக் கவனமாக எடுத்த ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். தற்செயலாக எடுக்கப்பட்ட ஆயிரம் பேர் கொண்ட கூறில் பிழை ஏறத்தாழ மூன்று சதவீதப் புள்ளி அளவுதான் என்பது பாடநூல் கணக்கு. ஆனால் அது எதேச்சைப் பிழையை மட்டுமே அளக்கிறது. பதில் சொல்ல மறுப்பவர்களும் பொய் சொல்பவர்களும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பிழை கூறைப் பெருக்குவதால் குறைவதில்லை.

கருத்துக் கணிப்பையே நம்பாமல், பொருளாதார வளர்ச்சி, ஆளும் கட்சி எத்தனை ஆண்டு பதவியில் இருந்தது, அதிபரின் செல்வாக்கு முதலிய அடிப்படைக் காரணிகளிலிருந்து முடிவைக் கணிக்கும் மாதிரிகள் அமெரிக்காவில் 1970களின் இறுதியிலிருந்து வளர்ந்தன. யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரே ஃபேரின் சமன்பாடு அவற்றில் முன்னோடி. இன்னொருபுறம், ஆலன் லிக்ட்மன் என்ற வரலாற்றாசிரியர், நிலநடுக்கத்தைக் கணிக்க முயன்ற ரஷ்ய அறிஞர் கெய்லிஸ்-பொரோக்குடன் சேர்ந்து 1981இல் பதின்மூன்று ஆம்-இல்லை கேள்விகளைக் கொண்ட முறையை அமைத்தார். இவ்வகை மாதிரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் தரவுப் பஞ்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நடந்த அதிபர் தேர்தல்கள் இருபதுதான். இருபது புள்ளிகளின் மேல் ஏழெட்டுக் காரணிகளை ஏற்றினால் கடந்த காலத்துக்கு அழகாகப் பொருந்தும் கோடு கிடைக்கும், எதிர்காலத்தைப் பற்றி அது சொல்வதற்கு உத்தரவாதம் கிடைக்காது. இந்தியாவில் மக்களவைத் தேர்தல்கள் 2024 வரை பதினெட்டு. அவற்றில் முதல் சில தேர்தல்கள் ஒரே கட்சியின் ஆதிக்கத்தில் நடந்தவை. ‘இந்தியா ஒளிர்கிறது’ என்ற விளம்பரத்துடன் பொருளாதார வளர்ச்சியை முன்வைத்து 2004இல் ஆளும் கூட்டணி தோற்றதோடு, வளர்ச்சி விகிதத்தைக் கொண்டு இந்திய வாக்காளரைக் கணிக்கலாம் என்ற ஆசை பெருமளவு அடங்கியது.

அமெரிக்க அனுபவத்தில் இந்திய வாசகருக்குப் பயன்படுவது 2016தான். அந்த ஆண்டு பல கணிப்பாளர்கள் ஒரே கருத்துக் கணிப்புகளை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட வாய்ப்புகளை அறிவித்தார்கள்: நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் டிரம்ப் வெல்ல ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு என்றது, நியூயார்க் டைம்ஸ் 15 என்றது, பிரின்ஸ்டனைச் சேர்ந்த சாம் வாங் ஒரே ஒரு சதவீதம் என்றார். ஒரு மாநிலத்தில் கணிப்பு தவறினால் அதே திசையில் பக்கத்து மாநிலங்களிலும் தவறும் வாய்ப்பு உண்டா என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடைதான் இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம். பிழைகள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியானவை என்று கொண்டால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், கணிப்பு உறுதியாகத் தோன்றும். ஒன்றோடொன்று பிணைந்தவை என்று கொண்டால் கணிப்பு தயங்கும். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளில் டிரம்ப் வென்றபோது, பிழைகள் பிணைந்தே நடக்கின்றன என்பது தெரிந்தது. தயங்கிய மாதிரியே அன்று மேலான மாதிரி.

இலங்கையில் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ச 50.29 சதவீதமும் ரணில் விக்கிரமசிங்க 48.43 சதவீதமும் பெற்றனர். இருவருக்கும் இடையே சுமார் 1,80,000 வாக்குகள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் செல்வாக்கிலும் இருந்த பகுதிகளில் வாக்களிப்பு புறக்கணிக்கப்பட்டது. ஏழு லட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஒன்றேகால் சதவீதத்தினர்கூட இல்லை. விருப்பத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், வாக்குச்சாவடிக்குப் போவாரா என்பதை அளக்காத மாதிரி அந்தத் தேர்தலைத் தவறவிட்டிருக்கும். பின்னாளில் கொழும்பின் சுகாதாரக் கொள்கை நிறுவனம் தொடர்ந்து நடத்திய கருத்தாய்வில் எம்.ஆர்.பி. என்ற முறை கையாளப்பட்டது. வயது, பால், மாவட்டம், இனம், கல்வி எனப் பல வகைகளாக மக்களைப் பிரித்து, ஒவ்வொரு வகையினரும் எப்படி வாக்களிப்பார்கள் என்பதைச் சிறு கூறிலிருந்து சமன்பாட்டின் வழியே மதிப்பிட்டு, அந்த வகையினர் உண்மையில் எத்தனை பேர் என்ற கணக்கெடுப்பு எண்ணால் எடையிட்டுக் கூட்டுவதே அம்முறை. 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க முதற்சுற்றில் 42.31 சதவீதம் பெற்று, அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே வென்றார். எம்.ஆர்.பி. முறைக்கு உயிர்நாடி கணக்கெடுப்புத் தரவு. மும்பையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இந்தியாவில் கருத்துக் கணிப்பைத் தொடங்கிவைத்தவர் எரிக் ட கோஸ்டா. 1950களிலேயே அவருடைய நிறுவனம் தேர்தல்களை ஆராய்ந்தது. ரஜனி கோத்தாரி 1963இல் டெல்லியில் நிறுவிய சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையம் 1967இலிருந்து வாக்காளர் ஆய்வுகளை நடத்தியது. 1996இல் அது புத்துயிர் பெற்று லோக்நிதி என்ற பெயரில் இன்றுவரை தொடர்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைத் தற்செயலாகத் தேர்ந்து, வீடு தேடிப் போய், சின்னங்கள் அச்சிட்ட போலி வாக்குச்சீட்டைக் கொடுத்து, பெட்டியில் போடச் சொல்லும் அதன் முறை, வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவரிடமும் விடை பெறுவதற்காக ஏற்பட்டது.

வாக்கை இடமாக மாற்றும் கேள்விக்கு இந்தியாவில் முதலில் கணக்கு வழியில் விடை தேடியவர்கள் டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் ஆகிய மூவர். பிரிட்டனில் இரு கட்சிகளுக்கிடையே பெற்ற வாக்குகளின் விகிதத்தை மும்மடியாக்கினால் இடங்களின் விகிதம் வரும் என்றொரு விதி புழங்கிவந்தது. பல முனைப் போட்டி நடக்கும் இந்தியாவுக்கு அது பொருந்தாது என்பதைக் கண்டு, இவர்கள் எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்ற அளவை உருவாக்கினார்கள். ஆளும் கட்சிக்கு எதிரான மொத்த வாக்கில் மிகப் பெரிய எதிர்க்கட்சி எத்தனை சதவீதம் பெற்றது என்பதே குறியீடு. ஆளும் கட்சி நாற்பதும் மற்றவர்கள் அறுபதும் பெற்ற தொகுதியில், அந்த அறுபதில் நாற்பத்தைந்து ஒருவருக்கே போனால் குறியீடு 75, ஆளும் கட்சி தோற்கும். இருபது இருபதாக மூவர் பங்கிட்டால் குறியீடு 33, அதே நாற்பது சதவீதத்தில் ஆளும் கட்சி எளிதாக வெல்லும். எளிய அளவுதான், ஆனால் கூட்டணிப் பேச்சுவார்த்தையில் கட்சித் தலைவர்கள் உள்ளூர அறிந்திருந்ததை அது எண்ணாக எழுதியது. தமிழ்நாட்டில் 2014இல் 44 சதவீத வாக்குடன் அ.தி.மு.க. 39இல் 37 தொகுதிகளை வென்றதையும், ஏறக்குறைய 24 சதவீதம் பெற்ற தி.மு.க. ஒன்றுகூட வெல்லாததையும் விளக்க இதைவிடப் பெரிய கணிதம் தேவையில்லை.

1990களின் பிற்பகுதியில் ராஜீவ கரந்திகர், கிளைவ் பெய்ன், யோகேந்திர யாதவ் ஆகியோர் அமைத்த மாதிரி இதற்கு அடுத்த படி. ஒவ்வொரு தொகுதியிலும் தனியாகக் கருத்துக் கணிப்பு நடத்துவது நடவாத காரியம். எனவே ஒரு மாநிலத்தில் அல்லது வட்டாரத்தில் ஒவ்வொரு கட்சியின் வாக்கும் கடந்த தேர்தலிலிருந்து எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை இறங்கியது என்ற ‘நகர்வை’ மட்டும் கூறிலிருந்து மதிப்பிட்டு, அதைத் தொகுதியின் பழைய முடிவோடு கூட்டிக் கழிக்கிறார்கள். இதன் பிறகு முன்னணியில் இருப்பவருக்கு முழு இடத்தையும் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் இந்த மாதிரியின் நுட்பம். ஒருவர் நான்கு புள்ளி முந்துவதாகவும் அந்த மதிப்பீட்டின் திட்ட விலக்கம், அதாவது வழக்கமான பிசகின் அளவு, ஆறு புள்ளி என்றும் கொண்டால், அவர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 75 சதவீதம். கணக்கில் அவர் கட்சிக்கு முக்கால் இடம், எதிரிக்குக் கால் இடம். இப்படி எல்லாத் தொகுதிகளின் பின்னங்களையும் கூட்டினால் மொத்த இடங்களின் எதிர்பார்ப்பு கிடைக்கிறது. தொலைக்காட்சித் திரையில் ஓடும் இட எண்ணிக்கைகளுக்குப் பின்னால், முறையாகச் செய்பவர்களிடத்தில், இந்தப் பின்னங்கள்தான் ஒளிந்திருக்கின்றன.

இம்முறையின் அடித்தளம் ஒன்றே: கடந்த தேர்தலின் முடிவு. கட்சிகள் அதே கட்சிகளாக, தொகுதிகள் அதே எல்லைகளுடன் இருக்க வேண்டும். அந்த அடித்தளம் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை 2024இல் மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியைவிடத் தெளிவாகக் காட்டிய இடம் நாட்டில் அரிது.

அத்தொகுதியில் அணுசக்தி நகர், செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம் என ஆறு சட்டமன்றப் பகுதிகள் அடங்கும். மாட்டுங்கா என்ற பெயரில் முன்பிருந்த சட்டமன்றத் தொகுதி 2008 மறுவரையறையில் மறைந்து பக்கத்துத் தொகுதிகளுக்குள் பிரிந்துவிட்டது. 2019இல் இங்கு சிவசேனாவின் ராகுல் ஷேவாலே 4,24,913 வாக்குகளும் காங்கிரசின் ஏக்நாத் கெய்க்வாட் 2,72,774 வாக்குகளும் பெற்றனர், இடைவெளி 1,52,139. நகர்வு முறைக்காரர் இந்த எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் 2022 ஜூனில் சிவசேனா இரண்டாக உடைந்தது. 2023 பிப்ரவரியில் பெயரும் வில்-அம்புச் சின்னமும் ஏக்நாத் ஷிண்டே அணிக்குப் போயின. உத்தவ் தாக்கரே அணி தீப்பந்தத்தைச் சின்னமாக ஏற்றது. 2024இல் வில்-அம்பில் நின்றவர் அதே ஷேவாலே. அவரை எதிர்த்துத் தீப்பந்தத்தில் நின்றவர் அனில் தேசாய், அவருக்குப் பின்னால் காங்கிரஸ். பழைய 4,24,913 வாக்குகள் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்? ஏறியதையும் இறங்கியதையும் அளக்க, எங்கிருந்து என்ற புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியே இல்லை.

வாக்கு எண்ணப்பட்டபோது தேசாய் 3,95,138 வாக்குகளும் ஷேவாலே 3,41,754 வாக்குகளும் பெற்றனர். தேசாய் 53,384 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முடிவு தெரிந்த பிறகு கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம். காங்கிரசின் பழைய வாக்குகள் அனைத்தும் தீப்பந்தத்துக்கே வந்ததாகக் கொண்டால், தேசாய்க்குத் தேவைப்பட்ட மீதி 1,22,364. அது பழைய சிவசேனா வாக்கில் 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மறுபுறம் ஷேவாலேயின் வாக்கு பழைய எண்ணில் எண்பது சதவீதம். பத்துப் பேரில் மூன்று பேர் உத்தவோடு போனார்கள் என்று எழுதிவிடத் தோன்றும், எழுதக்கூடாது. மொத்தங்களிலிருந்து தனிமனிதர்களின் நடத்தையை ஊகிப்பது புள்ளியியலில் பழைய பொறி. ஐந்தாண்டில் செத்தவர், குடிபெயர்ந்தவர், பதினெட்டு வயது நிரம்பியவர், 2019இல் வஞ்சித் பகுஜன் ஆகாடிக்குப் போட்டுவிட்டு இம்முறை அணி மாறியவர் என்று பலரும் அந்த மொத்தங்களுக்குள் கலந்திருக்கிறார்கள். வஞ்சித் வேட்பாளர் 2019இல் அறுபதாயிரத்துக்கும் மேல் பெற்றிருந்தார், 2024இல் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதுவும் ஒற்றுமைக் குறியீட்டின் வேலைதான்; எதிர்ப்பு வாக்கு சிதறவில்லை.

தேசாயின் முன்னிலையில் பெரும்பகுதி தாராவியிலிருந்து வந்தது; முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அந்த ஒரு சட்டமன்றப் பகுதியிலேயே அவருக்குக் கூடுதலாக விழுந்தன. வரலாற்றைக் கொண்டு கணிப்பவருக்கு இது எளிதில் விளங்காது. 1966இல் தொடங்கிய சிவசேனா தன் முதல் ஆண்டுகளில் வளர்ந்ததே தென்னிந்தியர்களுக்கு எதிரான முழக்கத்தின் மீதுதான். லுங்கி கட்டியவர்களை வெளியேற்று என்ற கோஷம் மாட்டுங்காவிலும் தாராவியிலும் முதியவர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. அதே சிவசேனாவின் ஒரு கிளைக்குத் தாராவி பெரும் முன்னிலை கொடுத்ததென்றால், அரசியல் சாசனம் மாற்றப்படும் என்ற அச்சமும், அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று வீடுகள் பிரிக்கப்படும் என்ற கவலையும் பழைய நினைவை மீறியிருக்க வேண்டும். எந்த மாதிரியிலும் இவற்றுக்கென்று ஒரு காரணி வைக்கப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

இன்னும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. இத்தொகுதித் தமிழர்களைத் ‘தென்னிந்தியர்’ என்று ஒரே வகைக்குள் அடைத்துவிடுவது கணிப்பாளர்களின் வழக்கம். ஆனால் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய தாராவிச் சந்துகளில் வாழும் ஆதிதிராவிடர், நாடார் குடும்பங்களும், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி மூன்று தலைமுறையாக இருக்கும் மாட்டுங்காக் குடும்பங்களும், செம்பூர் சேடா நகர்க் குடியிருப்புகளில் இருப்போரும், 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து விடப்பட்ட சீத்தா கேம்ப் மக்களும் சாதி, தொழில், வருமானம், வீட்டுரிமை என எதிலும் ஒன்றுபட்டவர்கள் அல்லர். எம்.ஆர்.பி. முறையில் இவர்களைத் தனித்தனி வகையாக்கலாமே எனில், ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்ற எண் வேண்டும். வாக்காளர் பட்டியலில் தாய்மொழி இல்லை. கணக்கெடுப்பின் மொழிப் புள்ளிவிவரம் சட்டமன்றத் தொகுதிவாரியாகக் கிடைப்பதில்லை. கிடைக்கும் கடைசிக் கணக்கெடுப்பும் 2011ஆம் ஆண்டினது. எடையிடுவதற்கு எண் இல்லாத இடத்தில் எத்தனை நுட்பமான சமன்பாடும் ஊகத்தின் மறுபெயராகவே நிற்கும்.

அதே 2024 நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தல் இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. மக்களவைத் தேர்தலில் மகாராஷ்டிரத்தின் இரு அணிகளும் தலா 43 முதல் 44 சதவீத வாக்குப் பெற்றிருந்தன. வாக்கில் சமநிலை, இடங்களிலோ காங்கிரசும் உத்தவ் அணியும் உள்ள மகா விகாஸ் ஆகாடிக்கு 30, பா.ஜ.க.வும் ஷிண்டே அணியும் உள்ள மகாயுதிக்கு 17. ஆறு மாதத்துக்குள் மாதம் 1,500 ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்கில் போடும் திட்டம் வந்தது, வாக்கு நகர்ந்தது, சட்டமன்றத்தில் மகாயுதிக்கு 288இல் 230 கிடைத்தது. எக்ஸிட் போல் கணிப்புகளில் பெரும்பாலானவை மகாயுதி முந்துவதாகச் சொன்னாலும் 230ஐ நெருங்கவில்லை. தென்மத்தியத் தொகுதியின் ஆறு பகுதிகளில் நான்கு மகாயுதிக்குப் போயின. தமிழரான கேப்டன் தமிழ்ச்செல்வன் சயான் கோலிவாடாவில் மூன்றாம் முறையாக வென்றார். தாராவி காங்கிரசிடமே நின்றது. மாஹிமில் உத்தவ் அணி 1,316 வாக்கில் தப்பியது. அணுசக்தி நகர் 3,378 வாக்கில் மகாயுதியைச் சேர்ந்த அஜித் பவார் அணிக்குப் போனது. ஒரே மக்கள், ஒரே தெருக்கள், அரை ஆண்டு இடைவெளி. மாநிலம் முழுவதும் ஒரே அளவு நகர்வு என்று கொள்ளும் மாதிரிக்குத் தாராவியும் செம்பூரும் ஏன் எதிரெதிர்த் திசையில் நின்றன என்பதை விளக்க வழியே இல்லை.

கணிப்பின் விலையை மும்பையே கொடுத்ததையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூன் 1 மாலை வெளியான எக்ஸிட் போல்கள் பா.ஜ.க. கூட்டணிக்கு 350க்கும் மேல், சில 400ஐத் தொடும் அளவுக்கு, இடங்களை அளித்தன. ஜூன் 3 திங்களன்று தலால் தெருவில் சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. மறுநாள் எண்ணிக்கையில் கூட்டணி 293இல் நிற்க, பா.ஜ.க. தனித்து 240இல் நிற்க, குறியீடு 4,390 புள்ளி சரிந்தது. ஒரே நாளில் கரைந்த சந்தை மதிப்பு ஏறக்குறைய 31 லட்சம் கோடி ரூபாய். எல்லா நிறுவனங்களும் ஒரே திசையில் தவறின என்பதைக் கவனிக்க வேண்டும். பல கணிப்புகளின் சராசரியை எடுத்தால் பிழை குறையும் என்ற எண்ணம், பிழைகள் பிணைந்திருக்கும்போது செல்லாது என்பதை அமெரிக்கா எட்டு ஆண்டுக்கு முன்பே கற்றிருந்தது.

இவ்வாறு ஒரே திசையில் தவறுவதற்கு ஒரு காரணம் வாய்திறக்காத வாக்காளர். தமிழ்நாட்டில் 2016இல் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தி.மு.க. ஆட்சி அமையும் என்றன, அ.தி.மு.க. மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. கேட்பவர் யாருடைய ஆள் என்று தெரியாதபோது, ஏழையும் பெண்ணும் சிறுபான்மையினரும் நழுவலான பதிலைச் சொல்கிறார்கள் அல்லது வெல்லப்போவதாகப் பேசப்படும் கட்சியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். தாராவியில் ஆய்வாளர் எந்த மொழியில் கேட்கிறார் என்பதே விடையை மாற்றக்கூடும். மராத்தியில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் திருநெல்வேலித் தமிழில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்குமென்று எந்த நூலும் உறுதி தரவில்லை.

மற்றொரு காரணம் மூடுமந்திரம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போலை வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. எப்போது சொல்லலாம் என்பதில் இவ்வளவு கண்டிப்பாக உள்ள சட்டம், எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்பதில் அந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை. வாக்குச் சதவீதத்தைச் சொல்லாமல் இடங்களை மட்டும் சொல்வதும், வாக்கிலிருந்து இடத்துக்கு வந்த வழியைச் சொல்லாமல் விடுவதும் இங்கு வழக்கமாகிவிட்டன. பிரிட்டனில் கருத்துக் கணிப்பு நிறுவனங்களின் மன்றம் 2004இல் ஏற்பட்டு, அதன் உறுப்பினர்கள் தம் விவர அட்டவணைகளை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. 2015இல் தவறியபோது அறிஞர் குழு ஒன்று தரவுகளை அலசி, கூறு எடுத்த முறையிலேயே பழுது என்று கண்டுசொல்ல அந்த வெளிப்படைத்தன்மையே உதவியது. இந்தியாவில் ஒரு கணிப்பு தவறினால் மன்னிப்பும் கண்ணீரும் திரையில் தெரிகின்றன, தரவு தெரிவதில்லை. அதனால் அடுத்த தேர்தலுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. சரியாகச் சொன்ன நிறுவனமும் ஏன் சரியாகச் சொன்னது என்பது தெரியாததால், அதன் வெற்றியும் அறிவாகச் சேர்வதில்லை.

பிரிட்டனின் எக்ஸிட் போல் இன்னொரு வகையிலும் வழிகாட்டக்கூடியது. ஜான் கர்டிஸ் முதலானோர் நடத்தும் அந்தக் கணிப்பில், முடிந்தவரை ஒவ்வொரு தேர்தலிலும் அதே வாக்குச்சாவடிகளுக்கே போய், ஒவ்வொரு சாவடியிலும் போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாற்றம் என்பதை மட்டும் அளக்கிறார்கள். எந்த வகைப் பகுதியில் எந்தத் திசையில் மாற்றம் என்பதைச் சமன்பாடு பொதுமைப்படுத்துகிறது. நாடு முழுவதும் ஒரே நகர்வு என்ற அனுமானம் அங்கே தேவைப்படுவதில்லை. இந்தியாவில் இதற்குரிய மூலப்பொருள் வெளிப்படையாகவே கிடைக்கிறது: தேர்தல் அதிகாரி ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கைப் படிவம் 20இல் பதிந்து வெளியிடுகிறார். பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்களும் தெருவாரியாக ஸ்லிப் கொடுத்த கட்சிக்காரர்களும் அந்தப் படிவத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள். வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகம் எந்தச் சாலின் வீடுகளைக் குறிக்கிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையே பாக எல்லைகள் மாறுவது ஒன்றே தடை. பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டால் அதுவும் பெருமளவு தீரும்.

துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2024இல் மும்பை வடமேற்குத் தொகுதியில் ரவீந்திர வாய்க்கர் 4,52,644 வாக்குகளும் அமோல் கீர்த்திகர் 4,52,596 வாக்குகளும் பெற்றனர், வித்தியாசம் 48. அங்கே இருவருக்கும் சமவாய்ப்பு என்று சொல்லியிருக்கக்கூடிய மாதிரி மட்டுமே சரியான மாதிரி. இன்னார்தான் என்று பெயர் சொன்ன கணிப்பு பலித்திருந்தாலும் அது கணக்கன்று, அதிர்ஷ்டம்.

தென்மத்தியத் தொகுதியின் நிலை அப்படியன்று. அங்கே இல்லாதது உள்ளூர்த் தரவு. ஆறு சட்டமன்றப் பகுதிகளின் படிவம் 20 தாள்களை 2009 முதல் 2024 வரை சாவடிவாரியாக ஒட்டி, எந்தப் பாகத்தில் எந்த மொழியினர், எந்தக் குடியிருப்பு என்ற விவரத்தைச் சேர்த்து ஓர் அட்டவணையாக்குவது மாட்டுங்காவிலும் சயானிலும் உள்ள கல்லூரிகளின் புள்ளியியல் மாணவர்கள் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை. பாகங்களை வீடு வீடாக அறிந்த தமிழர் அமைப்புகள் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கின்றன. அவை அம்மாணவர்களோடு உட்கார வேண்டும். அடுத்த தேர்தலுக்கு முன் அந்த அட்டவணை அச்சாகட்டும்.